பொருள் எப்படிப் போனது என்று எழுதுங்கள்: திருட்டுப் புகாருக்கு ஒரு பழைய ஸ்டேஷன் ரைட்டரின் வழிகாட்டி

திருட்டுப் புகார் எழுத உட்காருபவர்கள் பேனாவைத் திறந்ததும் எழுதும் வார்த்தை 'கொள்ளை'. கொடியில் காய்ந்த வேட்டி போனாலும் கொள்ளை, சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டு ஓடினாலும் கொள்ளை, கைமாத்து வாங்கிய மச்சான் திருப்பித் தராவிட்டால் பகல் கொள்ளை. வயிற்றெரிச்சலில் எழுதுகிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் வயிற்றெரிச்சலைப் பார்த்து யாரும் செக்‌ஷன் போடுவதில்லை. பொருள் உங்கள் கையைவிட்டு எப்படிப் போனது என்பதைப் பார்த்துத்தான் போடுகிறார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஸ்டேஷன்களில் ஏட்டாகவும் ரைட்டராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் தெருவில் எது காணாமல் போனாலும் வெள்ளைத்தாளோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன். செக்‌ஷன் போடுவது போலீஸ் வேலை, நீங்கள் நம்பரை எழுத வேண்டியதில்லை. எந்த விவரத்துக்கு எந்த நம்பர் என்று தெரிந்திருந்தால், தேவையான விவரத்தை விடாமல் எழுதுவீர்கள். அவ்வளவுதான்.

முதலில் தேதி. சம்பவம் 2024 ஜூலை 1-ம் தேதியோ அதற்குப் பிறகோ நடந்திருந்தால் புதுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா. அதற்கு முந்தையது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான், புகாரை இன்று கொடுத்தாலும் சரி. திருட்டுக்கான 379 இப்போது 303 ஆகிவிட்டது, வழிப்பறிக்கான 392 இப்போது 309. ஊரெல்லாம் வசவாகவே புழங்கும் 420-க்குப் புது நம்பர் 318. கீழே நான் சொல்வதெல்லாம் புது நம்பர்.

வெறும் திருட்டு

அசையும் பொருளாக இருக்க வேண்டும், இன்னொருவர் வசம் இருந்திருக்க வேண்டும், அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு, அதை இடத்தைவிட்டு நகர்த்தியிருக்க வேண்டும். இது 303. வீட்டுக்குக் கொண்டு போய்ச் சேர்த்திருக்க வேண்டும் என்பதில்லை. வயல் மோட்டாரைக் கழற்றி வரப்பு வரை தூக்கி வந்தவன் ஆளைக் கண்டதும் போட்டுவிட்டு ஓடினாலும் திருட்டு முடிந்துவிட்டது. 'பொருள் கிடைத்துவிட்டதே, எதற்குக் கேஸ்' என்று விட்டுவிடுவது உங்கள் இஷ்டம், ஆனால் அது வெறும் முயற்சி மட்டுமே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நிலத்தைத் திருட முடியாது, அது வேறு சட்டப் பேச்சு. நிலத்தோடு ஒட்டியிருக்கும் வரை மரமும் மண்ணும் அப்படித்தான். வெட்டினால், அள்ளினால் அப்போது அசையும் பொருளாகிவிடும். ஆற்று மணலை அள்ளிக்கொண்டு போகிறவர்கள்மேல் கனிமச் சட்டத்தோடு திருட்டுப் பிரிவையும் சேர்த்துப் போடுவது இதனால்தான். இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுப்பது மட்டும் இங்கே வராது. அதற்கு 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் 135-வது பிரிவு தனியாக இருக்கிறது.

'வசம்' என்பதுதான் முக்கியம், யார் சொந்தக்காரர் என்பது அவ்வளவாக இல்லை. அடகுக் கடையில் வைத்த உங்கள் சொந்த வளையலைப் பணம் கட்டாமல் நைசாக எடுத்து வந்தால் நீங்களே திருடர். நம்ப மாட்டார்கள், ஆனால் சட்டப் புத்தகத்திலேயே இதற்கு உதாரணம் போட்டிருக்கிறார்கள். அதேபோல, 'திருப்பித் தந்துவிடலாம் என்றுதான் எடுத்தேன்' என்ற சாக்கும் செல்லாது. 1952-ல் ஜோத்பூர் விமானப்படைப் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி மாணவர்கள் இரண்டு பேர் அனுமதியில்லாமல் ஒரு விமானத்தைக் கிளப்பி, பாகிஸ்தானில் கொண்டுபோய் இறக்கினார்கள். விமானத்தை விற்று வாழ நினைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. தற்காலிகமாக எடுத்ததும் திருட்டே என்று 1957-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. அண்ணன் வண்டியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு கொடைக்கானல் போகும் தம்பிமார்கள் கவனிக்கவும்.

303-க்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் முறை மாட்டினால் ஓராண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை. புதுச் சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறார்கள். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ், முதல் முறைத் தண்டனை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாகிவிட்டது என்றால் சமூக சேவைதான் தண்டனை. இந்த வகை நேரடியாகக் கைது செய்யும் குற்றமாக வராது. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் ஸ்டேஷன் விசாரிக்க முடியாது. அதனால் மதிப்பு முக்கியம். வாங்கிய பில்லைத் தேடிப் பிடியுங்கள். அதற்காக 3,000 ரூபாய் சைக்கிளை 8,000 என்று எழுதச் சொல்லவில்லை. பொய்த் தகவல் கொடுப்பதற்கு 217 என்று ஒரு பிரிவு உங்களுக்காகவே காத்திருக்கிறது.

இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம்: இந்த 5,000 கணக்கு 303-க்குத்தான். பொருள் வீட்டுக்குள்ளிருந்தோ, பொருள் வைக்கும் கட்டடத்துக்குள்ளிருந்தோ போயிருந்தால் அது 305, ஏழு ஆண்டு வரை, மதிப்பு என்னவானாலும் சரி. தெரு வாசலில் நிறுத்திய பழைய சைக்கிள் போனால் 303. அதே சைக்கிளை ராத்திரி வீட்டு நடைக்குள் ஏற்றி வைத்து, அங்கிருந்து போயிருந்தால் 305. 'என் சைக்கிளைக் காணவில்லை' என்று ஒரு வரியில் முடித்தால் இந்த வித்தியாசம் யாருக்குத் தெரியும்? சைக்கிள் எங்கே நின்றது என்று எழுதுங்கள்.

305-ல் இன்னும் சில உண்டு: பயணிகளையோ சரக்கையோ ஏற்றும் வண்டி, அதிலிருக்கும் சாமான், அரசாங்கச் சொத்து, வழிபாட்டுத் தலத்தில் இருக்கும் சிலை. கடைசியாகச் சொன்னது நம் பக்கத்துச் சங்கதி. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கே விற்கப்பட்டு, 2014-ல்தான் இந்தியாவுக்குத் திரும்பினார். எத்தனை கை மாறினாலும், எந்த நாட்டில் இருந்தாலும், உரியவரிடம் சேரும் வரை அது திருட்டுச் சொத்துதான் என்று 317-ம் பிரிவு சொல்கிறது. பில் இல்லாத செல்போனைப் பாதி விலைக்கு வாங்குகிறவர்களுக்கும் இதே பிரிவுதான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தாலோ, தெரிந்திருக்க நியாயம் இருந்தாலோ போதும்.

பூக்கார அம்மாவின் சங்கிலி

கோயில் வாசலில் பூ விற்கும் ஓர் அம்மா எழுதிக்கொண்டு வந்த மனுவில் இப்படி இருந்தது: "மர்ம நபர்கள் என்னுடைய 3 பவுன் சங்கிலியைத் திருடிச் சென்றுவிட்டார்கள். தக்க நடவடிக்கை எடுத்துக் கண்டுபிடித்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

"அம்மா, அவன் சங்கிலியை மட்டும் தொட்டானா, உங்களையும் தொட்டானா?" என்று கேட்டேன்.

"என்னத்த ஏட்டய்யா சொல்ல, நான் விடமாட்டேன்னு ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன். முழங்கையால நெஞ்சுல ஒரு இடி இடிச்சான் பாருங்க, அப்படியே உக்காந்துட்டேன். அப்புறந்தான் அறுத்துக்கிட்டு ஓடுனான்" என்றார். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. முழங்கை சிராய்த்திருந்தது. இதில் ஒன்றுகூட மனுவில் இல்லை.

மூன்று படிகள் இதில் இருக்கின்றன. கூடையில் கழற்றி வைத்திருந்த சங்கிலியை அவர் அசந்த நேரத்தில் எடுத்திருந்தால் திருட்டு, 303. கழுத்திலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு பைக்கில் பறந்திருந்தால் பறிப்பு, 304. இது புதுச் சட்டத்தில்தான் தனிக் குற்றமானது. உச்சத் தண்டனை அதே 3 ஆண்டுதான், அபராதம் மட்டும் கட்டாயம். இவ்வளவு ஆர்ப்பாட்டமாகப் புதுப் பிரிவு கொண்டுவந்துவிட்டு அதே மூன்று ஆண்டை வைத்தது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மூன்றாவது படிதான் பெரியது. பொருளை எடுப்பதற்காகவோ, எடுக்கும்போதோ, எடுத்துக்கொண்டு போவதற்காகவோ அடித்தால், மறித்தால், அல்லது இந்த நிமிடமே அடிப்பேன் குத்துவேன் என்று பயம் காட்டினால் அது வழிப்பறி, 309. சாதாரணமாக 10 ஆண்டு வரை கடுங்காவல். நெடுஞ்சாலையில், சூரியன் மறைந்து மறுபடி உதிப்பதற்குள் நடந்தால் 14 ஆண்டு வரை. காயம் ஏற்படுத்தியிருந்தால் ஆயுள் வரைக்கும் போகும். அந்த முழங்கை இடி இல்லாவிட்டால் 3 ஆண்டு, இருந்தால் ஆயுள் தண்டனை வரை. அந்த இடி மனுவில் வர வேண்டாமா?

அந்த இடி எதற்காக விழுந்தது என்பதும் தெரிய வேண்டும். சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறவன், துரத்தி வந்த பையன்மேல் கல்லெறிந்து காயப்படுத்தினால் காயம் தனி, திருட்டு தனி. பொருளுக்காகக் காயப்படுத்தவில்லை, தப்பிக்கத்தான் எறிந்தான். எனவே வரிசை மாறாமல் எழுத வேண்டும். நாங்கள் மாற்றி எழுதியது ஏறக்குறைய இப்படி:

"மேற்படி தேதியில் மாலை சுமார் 6.40 மணிக்கு நான் கோயில் குளத்தின் வடகரையில் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். எதிரே கறுப்பு பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். ஓட்டியவன் ஹெல்மெட் போட்டிருந்தான். பின்னால் இருந்தவன் இறங்கி வந்து என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். நான் விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உடனே அவன் முழங்கையால் என் நெஞ்சில் இடித்தான். நான் கீழே விழுந்ததும் சங்கிலியை அறுத்துக்கொண்டு, தயாராக நின்ற பைக்கில் ஏறி மேற்கே போய்விட்டார்கள். கழுத்திலும் இடது முழங்கையிலும் காயம். சங்கிலி 3 பவுன், முறுக்கு வேலை, கொக்கிக்குப் பக்கத்தில் அறுந்து பற்றவைத்த தடம் உண்டு. ஓட்டியவனை அடையாளம் காட்ட முடியாது. இழுத்தவனைப் பார்த்தால் சொல்லுவேன்."

'மர்ம நபர்கள்', 'தாழ்மையுடன்' எல்லாம் போய்விட்டன. காயத்துக்கு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது ஏ.ஆர். காப்பி போட்டுக்கொள்ளச் சொன்னேன். நாலு நாள் கழித்துக் காட்டினால் கீறல் ஆறியிருக்கும், கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். இல்லாத கத்தியை நுழைக்கவும் கூடாது. குறுக்கு விசாரணையில் கத்தி எந்தக் கையில் இருந்தது என்று கேட்டதும் உண்மையாக நடந்ததும் சேர்ந்து சந்தேகத்துக்குள் போய்விடும்.

நீங்களே கழற்றிக் கொடுத்திருந்தால்

பயமுறுத்தி, உங்கள் கையாலேயே கொடுக்க வைத்தால் அது மிரட்டிப் பறித்தல், 308, ஏழு ஆண்டு வரை. 'நாளைக்குள் 20,000 அனுப்பாவிட்டால் போட்டோவை நெட்டில் போடுவேன்' என்பது இந்த ரகம். கத்தியை வயிற்றில் வைத்து 'கழற்றுடி' என்று சொல்லி, நீங்கள் கழற்றிக் கொடுத்தாலோ வழிப்பறிதான். எதிரி நேரில் நிற்கிறான், பயம் அந்த நிமிடத்துப் பயம். அவன் எங்கே நின்று, என்ன சொன்னான் என்பதை அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், கெட்ட வார்த்தையாக இருந்தாலும்.

எத்தனை பேர் என்பதையும் விடாதீர்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை, 310. ஆயுள் தண்டனை, அல்லது 10 ஆண்டு வரை கடுங்காவல். கை வைத்தவர்களை மட்டும் எண்ணாதீர்கள். தெருமுனையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு நின்றவனும் கணக்கில் உண்டு. 'நான்கு பேர் வந்தார்கள்' என்று எழுதிவிட்டு ஆட்டோக்காரனை விட்டால் 310 போடவேண்டிய கேஸ் 309-ஆக இறங்கிவிடும். இதில் மட்டும் ஒரு விசேஷம்: கொள்ளையடிக்கத் தயாராவதும், அதற்காகக் கூடுவதும்கூடக் குற்றம். 'கொள்ளையடிக்கச் சதித்திட்டம், ஆயுதங்களுடன் ஐந்து பேர் கைது' என்று பேப்பரில் பார்க்கிறீர்களே, அது இதுதான்.

வீடு புகுந்தால்

பூட்டை உடைத்து, ஓட்டைப் பிரித்து, ஜன்னல் கம்பியை வளைத்து உள்ளே வந்தால் ஸ்டேஷன் பாஷையில் கன்னக்களவு. பகல் வேறு, இரவு வேறு. 331-ம் பிரிவில், திருடுவதற்காகப் பகலில் புகுந்தால் 10 ஆண்டு வரை, சூரியன் மறைந்தபின் உதிப்பதற்குள் என்றால் 14 ஆண்டு வரை. கூடவே 305-ம் சேரும். கதவு திறந்து கிடந்து, யாரோ நேரே நடந்து வந்து டேபிளில் இருந்த போனை எடுத்துக்கொண்டு போனால் உடைப்பு இல்லை. 305-ம் சாதாரண அத்துமீறலும்தான்.

பழனிக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் எப்போது நடந்தது என்று யாருக்குத் தெரியும்? அப்போது ஊகிக்காதீர்கள். கடைசியாகப் பூட்டிய நேரம், திரும்பி வந்து பார்த்த நேரம், பக்கத்து வீட்டுக்காரர் கடைசியாகப் பூட்டைப் பார்த்த நேரம், மூன்றையும் எழுதினால் போதும். அப்புறம் கைரேகைக்காரர்கள் வந்து போகும் வரை பீரோவைத் தொடாதீர்கள். 'ஐயோ' என்று ஓடிப்போய் எல்லா அறையையும் குடும்பமே திறந்து பார்த்துவிடுகிறது.

தெரிந்தவர் கை வைத்தால்

இங்கேதான் குழப்பம் அதிகம். வீட்டு வேலைக்காரர் பீரோவிலிருந்து மோதிரத்தை எடுத்தால் 306, பணியாளர் திருட்டு. மோதிரம் கடைசி வரை உங்கள் வசமே இருந்தது. வசூலுக்கு அனுப்பிய கடைப் பையன் வாங்கிய பணத்தை உங்களிடம் கட்டாமல் போனால் 316, நம்பிக்கை மோசடி. பணம் உங்கள் கைக்கு வரவேயில்லை, அவர் பொறுப்பில் விட்டிருந்தீர்கள். கல்லாவிலிருந்து உருவினால் மறுபடி 306. பணம் எங்கே இருந்தது, யார் பொறுப்பில் இருந்தது, சாவி யாரிடம்? இதை எழுதினால் பிரிவு தானாக விழும்.

கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்ட நகையை மாமியார் வீட்டில் பத்திரமாக வைக்கக் கொடுத்து, கேட்டால் தர மறுக்கிறார்கள் என்றால் அதுவும் நம்பிக்கை மோசடியாகும். சீதனம் பெண்ணுக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே தெளிவாக்கிவிட்டது. எந்த நகை, எந்த நாள், யார் கையில் கொடுத்தது என்று பட்டியல் போடுங்கள். கல்யாண ஆல்பம் நல்ல சாட்சி.

ஏமாற்றுதல், 318, வேறு. முதல் நாளே பொய் சொல்லி உங்களிடமிருந்து வாங்கியிருக்க வேண்டும். வேலை வாங்கித் தருகிறேன் என்று போலி ஆர்டர் காட்டிப் பணம் வாங்கியவர் இந்த வகை, 7 ஆண்டு வரை. வாங்கும்போது எண்ணம் சுத்தம், பிறகு புத்தி கெட்டது என்றால் 316. ஒரே பணத்துக்கு இரண்டையும் சேர்த்துப் போடும் பழக்கத்தை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. கைமாத்து வாங்கிவிட்டு இழுத்தடிக்கும் மச்சான் இரண்டிலும் வரமாட்டார். அது சிவில், வக்கீலைப் பாருங்கள்.

தெருவில் கிடந்த பர்ஸ், தவறுதலாக இன்னொருவர் கணக்கில் போய் விழுந்த பணம், இவற்றை எடுத்தவர் திருடவில்லை. உரியவர் யார் என்று தெரிந்தும் தனதாக்கிக்கொண்டால் 314. ஆறு மாதத்துக்குக் குறையாமல் 2 ஆண்டு வரை. இதுவும் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டிய வகை.

மனுவைக் கொடுத்த பிறகு

'காணாமல் போய்விட்டது' என்று எழுதினால் தொலைந்த பொருளாகத்தான் எடுப்பார்கள். திருட்டு என்று நம்பக் காரணம் இருந்தால் அந்தக் காரணத்தை எழுதுங்கள்: 'பஸ்ஸில் ஏறும்போது மேல் பாக்கெட்டில் இருந்தது, இரண்டு பேர் நெருக்கினார்கள், சீட்டில் உட்கார்ந்ததும் பார்த்தேன், இல்லை.'

மனுவுக்கு சி.எஸ்.ஆர்., அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது கேளுங்கள். வழக்குப் பதிவானால் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம். அதைச் சொல்லி நிறுத்தி வைத்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பியனுப்ப முடியாது, எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

நகை கிடைத்தால் கோர்ட்டுக்குப் போய்விடும். வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டாம், விசாரணை நடைமுறைக்கான புதுச் சட்டமான நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 497-ல் இடைக்காலமாகத் திருப்பித் தரச் சொல்லி மனு போடலாம். பில், நகை போட்ட பழைய போட்டோ, புகாரில் எழுதிய அடையாளம், இவற்றில் உங்களிடம் இருப்பவை நகையோடு ஒத்துப்போக வேண்டும். பூக்கார அம்மாவுக்குப் பில் இல்லை, பற்றவைத்த தடம்தான் கைகொடுத்தது. பாண்ட் எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். போட்டுக்கொள்ளலாம், ஆனால் கோர்ட் கேட்கும்போது அப்படியே காட்ட வேண்டும். அழித்து வேறு டிசைன் செய்வது, விற்பது எல்லாம் தீர்ப்புக்குப் பிறகுதான்.